சூரியம்பாளையத்து எலிகள்

முன்காலத்தில் ஞானம் வேண்டியவர்கள் மலை ஏறினார்கள். திருச்செங்கோட்டில் நல்ல மலையே இருக்கிறது. ஆனால் செங்கோடன் ஏறியது அதே ஊரின் சூரியம்பாளையத்தில் ஒரு டயர்க்கடையின் மாடிப்படி. அவருக்கு ஞானம் தேவைப்படவில்லை. சர்டிபிகேட் தேவைப்பட்டது.

மாடியில் பிராட்பேண்ட் கேபிள் வேலைக்கான பயிற்சி மையம் இருந்தது. அதை நடத்தியவர் தமயந்தி. அவருக்கு வயது முப்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான் ஆகியிருந்தது. செங்கோடனோ ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தார். அதனால் சிஷ்யர் குருவை 'மேடம்' என்றார், குரு சிஷ்யரை 'அண்ணா' என்றார். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் குறையில்லை.

செங்கோடன் சாதாரண ஆள் இல்லை. கேபிள் டிவி காலத்தில் சூரியம்பாளையத்துக்கு முதல் கம்பியை இழுத்தவர் அவர்தான். பிறகு கண்ணாடி இழை வந்தது. அதையும் வீடு வீடாக அவரே இழுத்தார். இதை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டால், "கம்பின்னா கம்பிதானுங்க, உள்ள என்ன ஓடுனா நமக்கென்ன" என்பார்.

இப்போது கம்பெனி ஓர் உத்தரவு போட்டிருந்தது. ஆடி முடிந்ததும், சர்டிபிகேட் இல்லாத ஆள் கம்பத்தில் ஏறக் கூடாது, லைன் பிரியும் பெட்டியைத் திறக்கக் கூடாது. இல்லாதவரின் ஏரியா வேறு ஆளுக்குப் போய்விடும். ஈரோட்டில் சர்டிபிகேட்டோடு ஒருவன் தயாராக இருக்கிறான் என்றும் பேச்சு. அதைக் கேட்ட நாளிலிருந்து செங்கோடனுக்குச் சோறு இறங்கவில்லை. தான் இழுத்த கம்பியில் எவனோ கை வைப்பதை நினைத்தாலே பொறுக்கவில்லை.

முதல் நாள் முதல் கேள்வியை அவர்தான் கேட்டார்.

"ஏனுங்க மேடம், இருவது வருசமா கம்பம் ஏறுறவனுக்கு எதுக்குங்க சர்டிபிகேட்டு?"

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. கூடப் படிக்க வந்தவர்கள் எல்லாம் அவர் பிள்ளை வயதுக்காரர்கள். தாங்கள் கேட்க நினைத்துப் பயந்த கேள்வியைப் பெரியவர் கேட்டுவிட்டாரே என்று அவர்களுக்குச் சந்தோஷம்.

தமயந்தி மேசையிலிருந்து ஒரு கண்ணாடி இழைத் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இதோட மேல்தோலை உரிங்கண்ணா."

செங்கோடன் யோசிக்கவே இல்லை. நேராக வாய்க்குக் கொண்டுபோனார். பழைய கேபிள்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். கடைவாய்ப் பல்லில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தால் தோல் தனியே வந்துவிடும்.

"அண்ணா," என்றார் தமயந்தி. "அது கண்ணாடி."

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. பிறகு மெல்ல மூடிக்கொண்டது.

"பழக்கமுங்க."

"உரிக்கிறதுக்குன்னு கருவி இருக்குதுங்ணா. அந்த மேசைல பாருங்க."

"பல்லும் கருவிதானுங்க மேடம். மறக்காம கூடவே வருது."

"இன்னைக்கு வருது," என்றார் தமயந்தி.

செங்கோடன் எழுந்து போய்க் கருவியை எடுத்துக்கொண்டார். தன் கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது அவருக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் உறைத்தது.

மத்தியானம் தமயந்தி ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணா, போன மாசம் எங்க மையத்துல நெட்டு வரல. நீங்கதான் வந்து சரி பண்ணுனீங்க. கம்பெனிக்குக் காரணம் என்னன்னு போட்டீங்க?"

"எலி கடிச்சிருச்சுங்க."

"அதுக்கு முந்தின தடவை?"

"அதும் எலிதானுங்க."

"மாரியம்மன் பண்டிகையப்ப ரெண்டு நாள் வரலியே?"

"பண்டிகைன்னா எலி ஜாஸ்திங்க மேடம்."

"நான் இந்த மாடில ஒரு எலியைக்கூடப் பாத்ததில்லீங்களே."

"ராத்திரில வருமுங்க," என்றார் செங்கோடன். கண் இமைக்கவில்லை.

உண்மை இதுதான். ஒரு புகாரைச் சரிசெய்து முடித்ததும், கம்பெனியின் செயலி அவர் போனில் காரணம் கேட்கும். வரிசையாகக் காரணங்கள் இருக்கும், ஒன்றைத் தொட வேண்டும். முதல் காரணம் எலி. அதற்குக் கீழே காற்று, லாரி, மரக்கிளை, பள்ளம் தோண்டியது என்று போகும். அடிமட்டத்தில் 'டெக்னீசியன் தவறு' என்று ஒன்று உண்டு. செங்கோடனின் விரல் எலியைத் தாண்டிக் கீழே இறங்கியதே இல்லை. கம்பெனிக் கணக்கின்படி சூரியம்பாளையத்தில் மனிதர்களைவிட எலிகள் அதிகம். அங்கே அரிசிக் குடோன் ஏதும் இருக்கிறதா என்று மேலிடத்திலிருந்து ஒருமுறை விசாரித்தார்கள் என்றுகூடச் சொல்வார்கள்.

சாயங்காலம் லேபல் பாடம் வந்தது. ஒவ்வொரு ஒயருக்கும் இரண்டு முனையிலும் லேபல் ஒட்ட வேண்டும். யார் வீடு, எந்தப் பெட்டி, பெட்டிக்குள் ஒயர் சொருகும் எந்த போர்ட். இதைச் செய்யத் தெரியாவிட்டால் சர்டிபிகேட் கிடையாது.

செங்கோடனுக்குச் சிரிப்பு வந்தது.

"லேபல் மறதிக்காரனுக்குங்க மேடம். சூரியம்பாளையத்து லைன் பூராவும் என்ற தலைக்குள்ள இருக்குது."

"மறந்துட்டா?"

"மறந்தாலும் வழி இருக்குதுங்க. பெட்டியைத் திறப்பேன். ஒன்னைப் புடுங்குவேன். அப்படியே நிப்பேன். எவன் போன் பண்ணிக் கத்துறானோ, அவன் லைன் அது. மறுபடி சொருகிட்டு அடுத்ததைப் புடுங்குவேன்."

வகுப்பில் ஒரு மரியாதை பரவியது. பள்ளிபாளையத்துக்காரன் ஒருவன் அதை எழுதியே வைத்துக்கொண்டான்.

"யாருமே கத்தலைன்னா?" என்று கேட்டார் தமயந்தி.

"கத்தலைன்னா அது சும்மா கெடக்குற லைனுங்க. அந்த எடத்தை வேற ஆளுக்குக் குடுத்துரலாம்."

தமயந்தி தலையை ஆட்டினார். அன்றைக்கு வகுப்பு அத்தோடு முடிந்தது.

மறுநாள் காலை செங்கோடன் வீட்டில் இரண்டு டம்ளர் காப்பி குடித்துவிட்டு வந்திருந்தார். பத்தரை மணிக்கு மெல்ல எழுந்து வராந்தாவின் கோடிக்குப் போனார். அங்கே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கதவுகள். இரண்டும் ஒரே நீலம், இரண்டும் சாத்தியிருந்தன. நேற்றுவரை ஒரு கதவில் 'ஆண்கள்', மற்றதில் 'பெண்கள்' என்று பலகை தொங்கியதாக மற்றவர்கள் சொன்னார்கள். எதில் எது என்று ஆளுக்கொரு மாதிரி சொன்னார்கள். செங்கோடன் முதல் நாள் அந்தப் பக்கமே போகவில்லை. அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான்.

அவர் திரும்பி வந்தார்.

"மேடம், அங்க போர்டைக் காணமுங்களே."

"கழட்டி வச்சிருக்கனுங்ணா. போர்டு மறதிக்காரங்களுக்குத்தானே?"

"எதுங்க ஆம்பளைங்களுது?"

"ஒன்னைத் திறங்க. அப்படியே நில்லுங்க," என்றார் தமயந்தி. "யார் கத்துறாங்கன்னு பாத்துக்கலாம்."

வகுப்பில் நான்கு பெண்கள் படித்தார்கள். நால்வரும் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்கள். செங்கோடன் படி இறங்கி, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இரண்டு தெருவையும் அவர் வயதுக்குத் தகாத வேகத்தில் கடந்தார்.

திரும்பி வந்தபோது பலகைகள் மாட்டியிருந்தன. முகம் தெளிந்திருந்தது. ஆனால் கொள்கை மாறவில்லை.

"அது வேறங்க, இது வேறங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் பாடங்கள் ஓடின. ஏணியை எப்படிச் சாத்துவது, இடுப்பில் பெல்ட்டை எப்படி மாட்டுவது, வெட்டிய இழைத் துணுக்கை எந்த டப்பாவில் போடுவது. நியாயமாகச் சொல்ல வேண்டும், செங்கோடன் கை சுத்தமான கை. இரண்டு இழைகளை ஒட்டவைக்கும் இயந்திரத்தில் மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தடுமாறியபோது, அவர் வெற்றிலை மடிப்பதுபோல ஒட்டினார். தமயந்தியே வாய்விட்டுப் பாராட்டினார்.

ஒருநாள் சிவப்பு விளக்குப் பேனாவைக் காட்டினார். பேனா போலத்தான் இருக்கும். ஒயரின் ஒரு முனையில் மாட்டி அழுத்தினால், எத்தனை தூரத்தில் இருந்தாலும் மறுமுனை சிவப்பாக ஒளிரும். எந்த ஒயர் யாருடையது என்று யாரையும் கத்தவிடாமல் கண்டுபிடிக்கலாம்.

"நல்ல சாமானுங்க," என்றார் செங்கோடன். "தீவாளிக்குக் கொழந்தைங்க கையில குடுத்தா வெளையாடும்."

தமயந்தி பேனாவை மூடி மேசை டிராயரில் வைத்தார்.

பரீட்சைக்கு முந்தின நாள் எல்லோரும் போன பிறகும் செங்கோடன் போகவில்லை. கணினி முன்னால் உட்கார்ந்து மவுசை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தார். அம்புக்குறி அவர் பேச்சைக் கேட்பதாக இல்லை.

"மேடம், நான் பெயிலாயிட்டா?"

"ஏண்ணா அப்படி நினைக்கிறீங்க?"

"ஈரோட்டுக்காரன் வந்துருவானுங்க." செங்கோடன் மவுசை விட்டுவிட்டார். "எந்த வூட்டுல எந்த சன்னல் வழியாக் கம்பி போகுது, எந்த வூட்டு நாய் கடிக்கும், எல்லாம் எனக்குத் தெரியும். வர்றவனுக்கு என்னங்க தெரியும்?"

"ஒன்னும் தெரியாது," என்றார் தமயந்தி. "எங்கியும் எழுதி வைக்கலையே."

"அவனுக்கு நான் எதுக்குங்க எழுதி வெக்கோணும்?"

தமயந்தி சன்னலைச் சாத்தினார். செங்கோடன் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பரீட்சை நாள் வந்தது. காலையில் செய்முறை. ஏணி, ஒட்டு, ஒளி அளவு என்று எல்லாவற்றையும் செங்கோடன் ஜோராகச் செய்தார். மத்தியானம் எழுத்துத் தேர்வு. அது கணினியில், ஆன்லைனில். இரண்டிலும் தேறினால் சாயங்காலமே தமயந்தி கையெழுத்துப் போடுவார், சர்டிபிகேட் கைக்கு வரும்.

சாப்பிடப் போகுமுன் தமயந்தி நிபந்தனைகளைச் சொன்னார்.

"ரெண்டு மணி வரைக்கும் ஒரு கம்ப்யூட்டரும் ஆன் பண்ணக் கூடாது. பரீட்சை ஆரம்பிக்கறப்ப எல்லார் போனும் இந்தக் கூடைல இருக்கோணும். ஆரம்பத்துலயோ நடுவுலயோ பத்து நிமிசத்துக்கு மேல இணைப்பு இல்லைன்னா பரீட்சை ரத்து. அடுத்தது தீவாளி கழிச்சுத்தான்."

செங்கோடன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். தீபாவளிக்குள் ஈரோட்டுக்காரன் சூரியம்பாளையத்தில் வாடகைக்கு வீடே பார்த்துவிடுவான்.

அவர் சாப்பிட்டுவிட்டு எல்லோருக்கும் முன்பே திரும்பினார். படி ஏறப் போனவரை டயர்க்கடை முதலாளி பழனியப்பன் பிடித்துக்கொண்டார்.

"யோவ் செங்கோடா, காலைல இருந்து நெட்டு இல்லய்யா. ஒரு பில்லு போட முடியல."

"பரீட்சை இருக்குதுங்க. சாயங்காலம் பாக்கறனே."

"அட, நீ பாக்காத பெட்டியா? அஞ்சு நிமிச வேலை."

புகழ்ச்சிக்கு மயங்காதவர் யார். செங்கோடன் நேராக மொட்டை மாடிக்குப் போனார்.

மொட்டை மாடிச் சுவரில் இருந்த பெட்டி அவரே மாட்டியது. டயர்க்கடை, பயிற்சி மையம், எதிர்ச்சாரி வீடுகள் என எல்லாவற்றுக்கும் லைன் அங்கிருந்துதான் போகிறது. திறந்தால் வாரிப் பல நாள் ஆன தலைமுடி மாதிரி ஒயர்கள் பிதுங்கின. ஒன்றிலும் லேபல் இல்லை. டயர்க்கடையின் ஒயரை மட்டும் அவருக்குத் தெரியும், அதில் கிரீஸ் பிசுக்கு இருக்கும். அது சொருகியிருந்த போர்ட் உடைந்து கிடந்தது. புது போர்ட் மாட்டலாம். அதற்கு வீட்டுக்குப் போய்ச் சாமான் எடுத்துவர வேண்டும். அதைவிடச் சும்மா கிடக்கிற லைன் ஒன்றைக் கண்டுபிடித்து அந்த இடத்தைக் கொடுத்துவிட்டால் வேலை தீர்ந்தது.

ஒன்றைப் பிடுங்கினார். நின்றார். சட்டைப் பையில் போன் சேவல் போலக் கூவியது. அழைப்புக்கும் புகாருக்கும் அவர் வைத்திருந்த ரிங்டோன் அது.

"ஏனுங்க செங்கோடண்ணா, சீரியல் பாதில நின்னு போச்சு! இப்பத்தான் மாமியாக்காரி மாட்டப் போறா!"

"இதா வந்துரும் பாருங்க," என்று சொருகினார்.

அடுத்ததைப் பிடுங்கினார். மறுபடி சேவல். இந்தத் தடவை மருந்துக்கடைக்காரர். அதையும் சொருகினார்.

மூன்றாவதைப் பிடுங்கினார். நின்றார். ஒரு காக்கை வந்து சுவரில் உட்கார்ந்து அவரைப் பார்த்தது. போன் கூவவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். காக்கைக்கே அலுத்துப் போய்ப் பறந்துவிட்டது.

"சும்மா கெடக்குற லைன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிடுங்கிய ஒயரைப் பெட்டியின் அடியில், வீடு மாறிப் போனவர்கள் விட்டுச்சென்ற செத்த ஒயர்களோடு ஒரே கொத்தாகச் சேர்த்துக் கட்டினார். அதன் இடத்தில் டயர்க்கடையைச் சொருகினார். கீழேயிருந்து "வந்துருச்சுய்யா!" என்று குரல் வந்தது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டு இறங்கினார்.

இரண்டு மணி. போன்கள் கூடைக்குள் போயின. எல்லோரும் கணினியை இயக்கினார்கள். திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் தலைகாட்டியது, உடனே நடுவில் ஒரு வட்டம் தோன்றிச் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"சர்வர் பிசிங்களா மேடம்?" என்று கேட்டார் செங்கோடன். பிறர் தவற்றைப் பொறுத்துக்கொள்ளும் பெருந்தன்மை அந்தக் குரலில் இருந்தது.

தமயந்தி மோடத்தைப் பார்த்தார். சிவப்பு விளக்கு மினுக்கியது. கடிகாரத்தைப் பார்த்தார். மேசை போனை எடுத்துப் புகார் எண்ணுக்குப் பேசினார். முகவரி சொன்னார். போனை வைத்தார்.

கூடைக்குள் சேவல் கூவியது.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. தமயந்தி கூடையிலிருந்து அந்தப் போனை எடுத்து, திரையில் இருந்ததை நிதானமாக வாசித்தார்.

"புதிய புகார். சூரியம்பாளையம், டயர்க்கடை மாடி, பயிற்சி மையம். இணைப்பு இல்லை."

பிறகு போனை நீட்டினார்.

"உங்களுக்குத்தாங்ணா. கஸ்டமர் கத்துறாங்க."

செங்கோடன் எழுந்துவிட்டார். மத்தியானம் கணினியெல்லாம் அணைந்து கிடந்த மையத்தில் யார் கத்துவார்கள் என்பது அவருக்கு இப்போதுதான் புரிந்தது.

"எங்க லைன் எதுங்ணா?"

செங்கோடன் மொட்டை மாடிப் பக்கம் பார்த்தார்.

"தலைக்குள்ள இருக்குமே."

அவர் போனைக்கூட வாங்கவில்லை. படிகளில் இரண்டிரண்டாகத் தாவினார்.

பெட்டியைத் திறந்தார். டயர்க்கடையைக் கழற்றினார். அடியில் கட்டிய கொத்தைப் பிரித்தார். எல்லாம் ஒரே வெள்ளை, எல்லாம் ஒரே பச்சை முனை. எதைக் கடைசியாகச் சேர்த்தார்? பிடுங்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், எல்லாமே ஏற்கெனவே பிடுங்கியவை. இருபது வருட வித்தைக்கு இப்படி ஓர் இடத்தில் கை ஓடாமல் போகும் என்று அவர் நினைத்ததே இல்லை.

ஒன்றைச் சொருகினார். கைப்பிடிச் சுவருக்கு ஓடினார்.

"வந்துச்சுங்களா?"

"இல்ல!" என்று சன்னலிலிருந்து பதில் வந்தது.

"எனக்குப் போயிருச்சுய்யா!" என்று தெருவிலிருந்து பழனியப்பன் கத்தினார்.

இன்னொன்று.

"வந்துச்சுங்களா?"

"இல்ல!"

"யோவ், எனக்கு எப்பய்யா வரும்?"

இன்னொன்று. அவசரத்தில் முனை நழுவியது. நேரம் என்ன ஆனதென்று தெரியவில்லை. கொத்தில் இன்னும் நிறைய இருந்தன. செங்கோடன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது. தன்னோடு சேர்த்து எல்லாப் பிள்ளைகளின் பரீட்சையையும் பிடுங்கிவிட்டோமே என்று நினைத்தபோது அடக்க முடியவில்லை.

படி முனையில் தமயந்தியின் தலை தெரிந்தது.

"அண்ணா, துண்டைத் தலைல போட்டுக்கங்க."

ஆயிற்று, எல்லாம் முடிந்தது, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஊரைவிட்டுப் போகச் சொல்கிறார் என்று நினைத்தார் செங்கோடன். தோளில் கிடந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தக் கொத்தையும் துண்டுக்குள்ள வச்சுக்கங்க. வெயில்ல தெரியாது. முனையைக் கண்ணுக்கு நேரா மட்டும் பிடிக்காதீங்க."

சொல்லிவிட்டு அவர் கீழே போய்விட்டார்.

துண்டுக்குள் வியர்வை நாற்றமும் இருட்டும் இருந்தன. செங்கோடன் கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் இல்லை. பிறகு, அத்தனை ஒயர்களுக்கு நடுவில், ஒரே ஒரு முனை சிவப்பாக ஒளிர்ந்தது.

தீபாவளிக்குக் குழந்தைகள் கையில் கொடுக்கச் சொன்ன சாமான்தான். செங்கோடன் அதைக் கார்த்திகை தீபம் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஒரு கும்பிடும் போட்டிருப்பார், கை காலியாக இல்லை.

விளக்கு அணைந்ததும் அந்த முனையைத் துடைத்துச் சொருகினார். கைப்பிடிச் சுவருக்குக்கூட ஓடவில்லை. கீழே பிள்ளைகள் போட்ட கூச்சல் மாடிக்கே கேட்டது.

"வந்துருச்சு!"

பத்து நிமிடம் ஆவதற்குக் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

பரீட்சையில் முதல் கேள்வி: ஒரு பெட்டியில் எந்த ஒயர் யாருடையது என்று அறிய முதலில் செய்ய வேண்டியது என்ன? நான்கு விடைகள் இருந்தன. நான்காவது, 'ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது'. தன்னை நன்றாகத் தெரிந்த யாரோதான் இந்தக் கேள்வியைத் தயாரித்திருக்க வேண்டும் என்று செங்கோடனுக்குப் பட்டது. அம்புக்குறியை இரண்டு கையாலும் பிடித்து, 'லேபலைப் பார்ப்பது' என்ற முதல் விடைக்குக் கொண்டுபோய்த் தொட்டார்.

தேறினார். முதலிடம் இல்லை, கடைசியும் இல்லை.

மற்றவர்கள் சர்டிபிகேட்டை வாங்கிப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். செங்கோடன் வீட்டுக்குப் போய்ச் சாமான் எடுத்துவந்து, உடைந்த போர்ட்டை மாற்றி, பழனியப்பனிடம் திட்டு வாங்கிக்கொண்டு கடைசியாகத்தான் வந்தார். சட்டையில் லேபல் நாடாவின் துண்டுகள் ஒட்டியிருந்தன.

அவருடைய சர்டிபிகேட் மேசைமேல் இருந்தது. கையெழுத்து மட்டும் இல்லை.

"புகார் இன்னும் உங்க பேர்ல திறந்தே கிடக்குதுங்ணா," என்றார் தமயந்தி. "முடிச்சுட்டு வாங்க."

செங்கோடன் போனை எடுத்தார். செயலி காரணம் கேட்டது. விரல் பழகிய தடத்தில் தானாகப் போய் எலிக்கு மேலே நின்றது.

அங்கேயே நின்றது.

"மேடம், காரணம் என்னங்க போடட்டும்?"

தமயந்தி பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு சர்டிபிகேட்டில் அவர் பெயரின் எழுத்துகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எலி என்று போட்டாலும் அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று செங்கோடனுக்குத் தோன்றியது. அது ஏனோ வேதனையாக இருந்தது.

விரல் இறங்கியது. காற்றைத் தாண்டியது. லாரியைத் தாண்டியது. மரக்கிளை, பள்ளம் எல்லாம் போயின. அடிமட்டத்தில், இதுவரை போகாத இடத்தில், கடைசிக் காரணத்தைத் தொட்டது. உறுதிதானா என்று செயலி கேட்டது. இத்தனை நாளில் அது அவரை அப்படிக் கேட்டதே இல்லை. ஆமாம் என்று அழுத்தினார்.

போனைத் திருப்பிக் காட்டினார்.

"மேடம், இப்படிப் போட்டுட்டனே. கம்பெனில என்னைப் பத்தி என்னங்க நெனைப்பாங்க?"

தமயந்தி கையெழுத்துப் போட்டு, மை காய ஊதி, சர்டிபிகேட்டை அவர் கையில் கொடுத்தார்.

"சூரியம்பாளையத்துல எலி ஒழிஞ்சிருச்சுன்னு நெனைப்பாங்கண்ணா."